தரை அதிர நடந்த மூன்று வருடங்கள்

சின்ன வயதில் நான் வீட்டுக்குள் வேகமாக நடந்தால் அடுக்களையிலிருந்து ஆச்சியின் குரல் வரும். "பொம்பளப் பிள்ளை தரை அதிர நடக்கலாமா?" பதினேழு வயதுக்குள் மெத்தென்று நடக்கப் பழகிவிட்டேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தவும், பாத்திரத்தை ஓசைப்படாமல் இறக்கிவைக்கவும், சிரிப்பு வந்தால் வாயைக் கையால் மூடிக்கொள்ளவும் கற்றிருந்தேன். பிறகு தென்மாவட்டப் பெண்கள் கல்லூரி ஒன்றில் சேர்ந்தேன். அங்கே என் தோளில் ஒரு சைட் டிரம்மை மாட்டி, தரை அதிர நடக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1994 முதல் 1997 வரை கல்லூரியின் என்.சி.சி. பேண்ட் வாத்தியக் குழுவில் இருந்தேன். நாங்கள் இருபத்திரண்டு பேர். ஆறு சைட் டிரம், ஒரு பேஸ் டிரம், இரண்டு ஜோடி சிம்பல், ஒரு முக்கோணம், மீதிப் பேர் கையில் குழலும் பியூகிளும். முன்னால் கோல் பிடித்துப் போக ஒருத்தி. என் வாழ்க்கையில் எது மகிழ்ச்சியான காலம் என்று யாராவது கேட்டால், கல்யாணமும் பிள்ளைப்பேறும் நினைவுக்கு வருவதற்கு முன்னால் அந்த மைதானத்தின் செம்மண்தான் நினைவுக்கு வரும். பல வருடங்கள் அதை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படியே சொல்ல முடியவில்லை. ஓர் இனிய நினைவுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியின் மௌனம் இருந்தது என்று தெரிந்த பிறகு, அந்த நினைவை இனியது என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறதா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். அது பொய்யில்லை.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ராணுவ பேண்டிலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒரு ஹவில்தார். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். முதல் ஒரு மாதம் டிரம்மைத் தொடவே விடவில்லை. பழைய டயர் ரப்பரை வெட்டிப் பெஞ்சில் ஆணியடித்து, அதன்மேல் குச்சியால் அடிக்கச் சொன்னார். வலது இரண்டு, இடது இரண்டு, வலது இரண்டு, இடது இரண்டு. மெதுவாக ஆரம்பித்து வேகம் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் தனித்தனி அடிகள் மறைந்து ஒரே உருட்டாகிவிடும். தோள்வாரில் தொங்கும் டிரம் நேராக நிற்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதனால் இடக்கைக் குச்சியை உள்ளங்கை மேலே பார்க்கும்படி, கட்டைவிரல் இடுக்கில் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி வருவதற்குள் விரலிடுக்கில் தோல் உரிந்துவிடும். ஹாஸ்டலில் ரசம் சாதம் பிசையும்போது எரியும். அந்த எரிச்சல்கூட எனக்குப் பெருமையாக இருந்தது.

நாங்கள் டிரம்மை அடிக்கவில்லை, தடவினோம். மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். "சத்தத்துக்கு வெட்கப்படாதீங்கம்மா. தோளிலேருந்து வரணும்." பின்னாளில் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய 'பெண்ணைப் போல எறிதல்' என்ற கட்டுரையைப் படித்தபோது மாஸ்டரைத்தான் நினைத்தேன். பெண்கள் பந்தை எறியும்போது முழு உடம்பையும் அதில் போடாமல் கையை மட்டும் வீசுகிறார்கள். அது தசையின் பலவீனமல்ல, தன் உடம்பைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டு அதற்குள்ளேயே இருக்கப் பழக்கப்பட்டதன் விளைவு என்பது அவருடைய வாதம். மணிக்கட்டால் மட்டும் அடித்த கை தோளிலிருந்து அடிக்க ஆரம்பிக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அதோடு குரலும் மாறியது. பேருந்தில் இடிப்பவனைத் திரும்பிப் பார்த்து "தள்ளி நில்லு" என்று சொன்ன முதல் நாள் அந்த வருடத்தில்தான் வந்தது.

ராணுவ விரைவு நடையின் பழைய கணக்கு நிமிடத்துக்கு 120 அடி. "தேஜ் சல்" என்ற இந்திக் கட்டளை வந்ததும் இருபத்திரண்டு இடது கால்கள் ஒன்றாக எழும். மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றிய பிறகு, எது என் கால், எது அடுத்தவள் கால் என்ற நினைப்பே போய்விடும். அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் மக்நீல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். 1941இல் கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டு, டெக்சாஸ் வெயிலில் காரணமில்லாமல் அணிநடை நடக்கவைக்கப்பட்டபோது தனக்குள் எழுந்த இன்பத்தை அவரால் மறக்க முடியவில்லை. சேர்ந்து தாளத்தோடு அசையும் உடம்புகளுக்குள் ஒரு பிணைப்பு உண்டாகிறது, நடனமும் அணிவகுப்பும் மனிதக் கூட்டங்களைக் கட்டியிருக்கின்றன என்று 1995இல் அவர் எழுதினார். அவர் எழுதியது ஆண்களின் படைகளைப் பற்றி அதிகம். எங்கள் பிணைப்பு வேறு மாதிரியும் இருந்தது. ஒரு குடியரசு தின ஊர்வலத்தில் பேஸ் டிரம் அடித்தவளுக்கு நடுவழியில் தூரமாகிவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பின்வரிசை மட்டும் அவளோடு அரையடி நெருங்கியது. மைதானம் வரை அந்த இடைவெளியை விடாமல் நடந்தோம். மேடையில் இருந்தவர்கள் எங்கள் வரிசை இறுக்கமாக இருந்ததைப் பாராட்டினார்கள்.

இந்த வரிசையில் பெண்களுக்கு இடம் எப்போதும் இருந்ததில்லை. மார்ச்சிங் பேண்ட் என்பது ஒரு கலாச்சாரமாகவே இருக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில்கூட, மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 1972இல்தான் பெண்களைச் சேர்த்தது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு 1973இல். கல்வி நிலையங்களில் பால்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972இல் வந்ததை ஒட்டி நடந்தவை இவை. நம் நாட்டில் என்.சி.சி. சட்டம் 1948இல் வந்தது. மாணவியர் பிரிவு அடுத்த வருடமே தொடங்கியது. ஆகவே நான் டிரம் மாட்டியபோது யாரோடும் சண்டை போட வேண்டியிருக்கவில்லை. அப்பாவிடம் ஒரு கையெழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஆச்சி மட்டும், "இது என்ன கொட்டடிக்கிற வேலை" என்றாள். அம்மா, "இது அந்தக் கொட்டு இல்ல அத்தை, பேண்ட்" என்று சமாதானப்படுத்தினாள்.

அந்தக் கொட்டு இல்லை. அம்மா சொன்ன அந்த வார்த்தை எனக்கு உறைக்க இருபத்தைந்து வருடம் ஆயிற்று.

எம்.ஏ. படிக்கும்போது வர்ஜீனியா உல்ஃபின் 'மூன்று கினிகள்' படித்தேன். 1938இல், இன்னொரு போர் வரப்போகிற நேரத்தில் எழுதப்பட்ட புத்தகம். படித்த ஆண்களின் ஊர்வலம் ஒன்று பல்கலைக்கழகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் அமைச்சரவைகளுக்கும் காலகாலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது அதன் வாலில் பெண்களும் சேர வழி கிடைத்திருக்கிறது. சேரத்தான் வேண்டுமா, எந்த நிபந்தனையின் பேரில் சேர்வது, இந்த ஊர்வலம் எங்கே போகிறது என்று அவர் கேட்கிறார். ஆண்களின் சீருடைகளையும் பதக்கங்களையும் பார்த்துச் சிரிக்கிறார். அந்த அலங்காரத்துக்கும் போருக்கும் தொடர்பு இருக்கிறது என்கிறார். படித்த இரவு தூக்கம் வரவில்லை. நான் ஆசையாக இஸ்திரி போட்டு, பெல்ட்டின் பித்தளையைத் தேய்த்துப் போட்டுக்கொண்ட காக்கியைப் பற்றி இவர் பேசுகிறாரே என்று வெட்கமாக இருந்தது. கீழ்ப்படிதலைத்தான் நான் விடுதலை என்று நினைத்துவிட்டேனா? யாரோ இந்தியில் கட்டளையிட, கேள்வி கேட்காமல் காலைத் தூக்கியதைத்தான் தைரியம் என்று எண்ணினேனா?

சில காலம் அந்தப் பதிலோடு இருந்தேன். பேண்டைப் பற்றிப் பேச்சு வந்தால், "அதெல்லாம் ஒரு வயசுக் கோளாறு" என்று சிரித்து ஒதுக்குவேன். அதுவும் நேர்மையில்லை என்பதைப் புரியவைத்தவள், மூன்று வருடம் எனக்கு இடப்பக்கம் நடந்தவள்.

எங்கள் ஆறு பேரில் அவள்தான் முதல்தரம். ரப்பர் பெஞ்சில் முதல் நாளே அவளுடைய இடக்கை சரியாக இருந்தது. மாஸ்டர் அசந்துபோய், "யாரும்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். அவள், "யாரும் இல்ல சார், தானா வந்துச்சு" என்றாள். நாங்கள் பொறாமைப்பட்டோம். அவள் ஊருக்கு நாங்கள் யாரும் போனதில்லை, அவளும் கூப்பிட்டதில்லை. விடுமுறை முடிந்து வரும்போது எல்லோரும் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து பகிர்வோம். அவள் கடையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட் கொண்டுவருவாள். "உங்க அம்மா ஒண்ணும் செஞ்சு தரமாட்டாங்களா?" என்று நான்தான் கேட்டேன்.

1995 ஆகஸ்ட் 15 அன்று ஊரின் பெரிய ரோடு முழுக்க வாசித்துக்கொண்டு போனோம். அதே மாதம் 31ஆம் தேதி கொடியன்குளத்தில் தலித் மக்களின் வீடுகளைப் போலீசார் சூறையாடினார்கள். தென்மாவட்டம் முழுதும் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஹாஸ்டல் வாசிப்பறையில் செய்தித்தாள் கைமாறியது. வேறு ஏதோ நாட்டில் நடப்பதைப் போல அதைப் படித்துவிட்டு நாங்கள் பயிற்சிக்குப் போனோம். அவளும் வந்தாள். அன்று பயிற்சி முடிந்து கொடுத்த பூரியை அவள் சாப்பிடவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஏன் என்று கேட்டதாக நினைவில்லை.

அடுத்த வருடம், ஒரு முகாமிலிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு கிராமத்து வளைவில் எதிரே இறுதி ஊர்வலம் வந்தது. பேருந்து ஓரங்கட்டி நின்றது. நான்கைந்து பேர் பறை அடித்து ஆடிக்கொண்டு முன்னால் போனார்கள். பேருந்துக்குள் ஒருத்தி எழுந்து நின்று அவர்களைப் போல ஆடிக்காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்தவளின் விரல்கள் முன்சீட்டுக் கம்பியில் அந்த அடியைப் பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தன. சிரிப்புச் சத்தம் கேட்டதும் நின்றுவிட்டன. அவள் கைகளை மடக்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

இதுதான் என் நினைவில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் குழு மறுபடி கூடுவதென்று வாட்ஸ்அப்பில் முடிவானது. அவள் மட்டும் பதில் போடவில்லை. எண்ணைத் தேடி வாங்கிப் பேசினேன். அரைமணி நேரம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். பிறகு நான் அந்தப் பேருந்து நாளை எடுத்தேன். அன்றே நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், பேசாமல் இருந்துவிட்டேன் என்றேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணம்தான். அவள் சற்று நேரம் கழித்துச் சொன்னாள்: "பேசாமலா இருந்த? நீயும் சிரிச்ச."

எனக்கு நினைவில்லை. இன்றுவரை நினைவில்லை. ஆனால் அவள் சொன்னதை நான் நம்புகிறேன். சிரித்தவளுக்கு மறந்துபோகும், கையை ஒளித்துக்கொண்டவளுக்கு மறக்காது.

அவளுடைய அப்பா பறையடிப்பவர். அவர் வெளியே போன நேரத்தில், வலக்கைக்கான குட்டைக் குச்சியையும் இடக்கைக்கான நீண்ட மெல்லிய குச்சியையும் எடுத்து அரிசி டின்னில் அடித்துப் பழகியிருக்கிறாள். அவர்கள் வீட்டில் பெண்கள் பறையைத் தொடக் கூடாது. ஊர் அவள் அப்பாவை அந்தப் பறையைத் தவிர வேறெதையும் தொடவிடவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களுள் பறையையும் வைக்கிறது. 'சொல்' என்பதே அந்தச் சொல்லின் பொருள் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். வகுப்பில் அது தமிழரின் பெருமை. அவள் தெருவில் அது சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்க முடியாத ஊழியம். என் டிரம்மிலும் அதே இரண்டு குச்சி, அதே இழுத்துக் கட்டிய மேற்பரப்பு. எனக்கு அதற்காகக் கைதட்டினார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். அம்மா ஆச்சியிடம் சொன்ன "அந்தக் கொட்டு இல்ல" என்ற ஒரு வரியின்மேல்தான் என் மூன்று வருட மகிழ்ச்சி நின்றுகொண்டிருந்தது.

"அப்போ அந்த மூணு வருஷமும் உனக்குக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டேன். அவள் ஆமாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நினைவையே மொத்தமாகத் தூக்கிப்போட்டிருப்பேன்.

"கஷ்டம்னு யார் சொன்னா? சந்தோஷமாத்தான் இருந்தேன். வாயைத் தொறக்காம சந்தோஷமா இருந்தேன்" என்றாள். பிறகு காக்கியைப் பற்றிச் சொன்னாள். ஹாஸ்டலில் அவளுக்கு இரண்டு தாவணிதான். அதைப் பார்த்தே அவள் யார் என்று கணக்குப்போட ஆட்கள் இருந்தார்கள். காக்கியில் யாராலும் போட முடியவில்லை. அவள் ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாத தெருக்கள் இருந்தன. பூட்ஸ் காலோடு, நடுரோட்டில், போலீஸ்காரர்கள் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட அவள் நடந்தது அந்த ஆகஸ்ட் 15 அன்றுதான். "அந்த ரோட்டுல எங்கப்பா ஓரமாத்தான் நடந்திருக்காரு" என்றாள்.

உல்ஃபுக்கு நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். பதில் இவளிடமிருந்து வந்தது. சீருடை மனிதரை ஒரே அச்சாக ஆக்கிவிடும் என்ற எச்சரிக்கை உண்மைதான். ஆனால் அந்த எச்சரிக்கையைச் சொல்லும் வசதி, சீருடை இல்லாமலும் தெருவில் மதிப்போடு நடக்க முடிந்தவர்களுக்கு உண்டு. உல்ஃபே தான் படித்த ஆண்களின் மகள்களுக்காகப் பேசுவதாகத்தான் சொல்கிறார். நான் அந்த மகள்களில் ஒருத்தி. எனக்கு ஊர்வலத்தில் சேர்வதா வேண்டாமா என்பது ஒரு தத்துவக் கேள்வி. அவளுக்கு அந்த ஊர்வலம்தான் முழு ரோடும் கிடைத்த ஒரே வழி. அதற்கு அவள் கொடுத்த விலை, அப்பாவின் தொழிலைச் சொல்லாமல் இருந்தது. எங்களிடம் யாரும் விலை கேட்கவில்லை. ஒரே தாளத்தில் கால் வைத்தோம் என்பதால் ஒரே தரையில் நின்றோம் என்று நான் நினைத்துவிட்டேன்.

ஆகவே ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இது. அந்த மகிழ்ச்சியை நான் கைவிட வேண்டியதில்லை. கைவிட்டால் அவளுடைய மகிழ்ச்சியையும் சேர்த்து நான் தீர்ப்புச் சொன்னதாகும். அது இன்னொரு அதிகாரம். குற்றவுணர்ச்சியும் போதாது. அதிலும் கதையின் நடுவில் நான்தான் நிற்கிறேன். நான் செய்ய வேண்டியது அதைவிடச் சின்னது, ஆனால் கஷ்டமானது: என் இனிய நினைவை, பக்கத்தில் நடந்தவள் முன்னிலையில், அவள் குறுக்கிட்டுத் திருத்தும் வாய்ப்போடு சொல்வது. அப்படிச் சொன்ன பிறகும் எது மிஞ்சுகிறதோ அதுதான் என் மகிழ்ச்சி. மாஸ்டரின் குரல் மிஞ்சுகிறது. விரலிடுக்கு எரிச்சல் மிஞ்சுகிறது. அரையடி நெருங்கிய பின்வரிசை மிஞ்சுகிறது. "நாங்க எல்லாரும் ஒண்ணா இருந்தோம்" என்ற வாக்கியம் மிஞ்சவில்லை.

இப்போது காலம் மாறியிருக்கிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்களே பறையைக் கையிலெடுத்து மேடையேறிப் பல வருடமாகிறது. நகரங்களில் எல்லாச் சாதிப் பெண்களும் பறை கற்கிறார்கள். இதைத் தோழியிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவள் மகளும் கல்லூரியில் பறைக்குழுவில் சேரக் கேட்கிறாளாம். இவள் இன்னும் சரியென்று சொல்லவில்லை. "எங்கப்பா எங்கள இதுலேருந்து வெளிய கொண்டுவரத்தான் என்னைப் படிக்கவச்சாரு. இவ திரும்பப் போய் அதையே எடுக்கிறேங்கிறா. அது பெருமைங்கிறா. இருக்கலாம். எனக்கு இன்னும் கை நடுங்குது" என்றாள். பறையடிக்க மறுத்ததும் ஒரு போராட்டம்தான், எடுத்து அடிப்பதும் ஒரு போராட்டம்தான் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது அவளும் மகளும் பேசித் தீர்க்க வேண்டியது.

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. ஊர்ப் பேரு வேணாம். நீ சிரிச்சதை விட்டுராத" என்றாள்.

கூடுகைக்கு அவள் வந்தாள். யாரோ ஒரு பழைய சைட் டிரம் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியாக அடித்துப் பார்த்தோம். யாருக்கும் உருட்டு வரவில்லை. அவள் முறை வந்தபோது குச்சிகளை வாங்கிக்கொண்டாள். வலது இரண்டு, இடது இரண்டு. இடக்கை அப்படியே இருந்தது. முன்பு மாஸ்டர் கேட்ட அதே கேள்வியை ஒருத்தி விளையாட்டாகக் கேட்டாள்: "யாருடி உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"எங்கப்பா" என்றாள் அவள், அடிப்பதை நிறுத்தாமல்.